டிராவல் ஏஜென்சிக்கு பணம் போடுறதுக்கு முன்னாடி அந்த லோகோ எல்லாம் யாரோடதுன்னு பாருங்க

டூர் பேக்கேஜ் விக்கிற எந்த வெப்சைட்டா இருந்தாலும் கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணா நாலஞ்சு லோகோ வரிசையா இருக்கும், அதைப் பார்த்ததுமே சரி இது கவர்மெண்ட் அப்ரூவ்டு ஆபீஸ்தான்னு நம்பி குடும்பத்தோட மொத்த டூர் காசையும் அனுப்பிடுறவங்க நிறைய பேர். அந்த லோகோவுல சிலது சங்கம், அதாவது ஏஜெண்டுங்களே ஒண்ணா சேர்ந்து நடத்துறது, தகுதியைப் பார்த்து சந்தா வாங்கிட்டு மெம்பரா சேர்த்துப்பாங்க. சிலது ரெகுலேட்டர், சட்டமே அதிகாரம் குடுத்திருக்கு, தப்பு பண்ணா லைசென்ஸை புடுங்கலாம், கேஸ் போடலாம். சங்கத்தால அதிகபட்சம் மெம்பர்ஷிப்பைத்தான் புடுங்க முடியும். இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி ஆபத்து போச்சு.

முதல்ல அந்த கம்பெனி எந்த நாட்டுல ரெஜிஸ்டர் ஆகியிருக்குன்னு பாருங்க, ஏன்னா ரூல் நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூர்ல டிராவல் ஏஜெண்ட் லைசென்ஸ் குடுக்குறது டூரிசம் போர்டு, அது இல்லாம தொழிலே பண்ணக்கூடாது, நாட்டாஸ்ங்கிறது சங்கம். மலேசியாவுல லைசென்ஸ் மோட்டாக்னு சொல்ற சுற்றுலா அமைச்சு குடுக்குது, மாட்டா சங்கம். இந்தியாவுல கதை வேற, சுற்றுலா அமைச்சகம் குடுக்குற அங்கீகாரம் விருப்பப்பட்டவங்க வாங்கிக்கிறதுதான், கட்டாயம் இல்ல. 1951-ல ஆரம்பிச்ச டிஏஏஐ, அப்புறம் டாஃபி, ஐஏடிஓ எல்லாமே சங்கங்கள். அதனால ஒருத்தர் ஜிஎஸ்டி நம்பரை காட்டி நாங்க ரெஜிஸ்டர்டுன்னு சொன்னா அது வரி கட்டுறதுக்கான நம்பர், டூர் நடத்துற தகுதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆஸ்திரேலியாவுல 2014-ல ஏஜெண்ட் லைசென்ஸ் முறையையே எடுத்துட்டாங்க, இப்ப சங்கம் குடுக்குற அக்ரிடிடேஷன், அதாவது அங்கீகாரம்தான் இருக்கு. அமெரிக்காவுல நாடு முழுசுக்கும்னு ஒரே லைசென்ஸ் கிடையாது, கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா மாதிரி சில மாநிலங்கள்ல மட்டும் தனியா ரெஜிஸ்டர் பண்ணணும்.

அடுத்து நம்பர். லோகோங்கிறது ஒரு படம், யார் வேணா காப்பி பண்ணி ஒட்டிக்கலாம், அதனால லைசென்ஸ் நம்பரையோ மெம்பர்ஷிப் நம்பரையோ கேளுங்க. அவங்க அனுப்புற லிங்க்கை தொடாதீங்க, அந்த போர்டோட இல்லைன்னா சங்கத்தோட சைட்டை நீங்களே டைப் பண்ணி போய் அங்க இருக்குற லிஸ்ட்ல தேடுங்க. பேர் வந்தா மட்டும் போதாது, அங்க இருக்குற கம்பெனி பேர், இன்வாய்ஸ்ல இருக்குற பேர், நீங்க காசு போடப்போற பேங்க் அக்கவுண்ட் பேர், மூணும் ஒண்ணா இருக்கணும். லைசென்ஸ் ஒரு பிரைவேட் லிமிடெட் பேர்ல இருக்கு, ஆனா காசு மட்டும் யாரோ ஒருத்தரோட சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு போடச் சொல்றாங்கன்னா அங்கேயே நிறுத்திடுங்க. பேர் எவ்வளவு முக்கியம்னா, 2019 செப்டம்பர்ல பிரிட்டன்ல தாமஸ் குக்ங்கிற டூர் கம்பெனி கவுந்தப்போ இந்தியாவுல இருந்த தாமஸ் குக் பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு, ஏன்னா அது 2012-லயே ஓனர் மாறின தனி கம்பெனி. பேர் ஒண்ணு, ஆள் வேற.

எல்லாரும் பார்த்து ஏமாறுறது ஐயாட்டா லோகோவைத்தான். அது 1945-ல விமான கம்பெனிங்க சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம், அரசாங்க அமைப்பு இல்ல. ஏஜெண்டுக்கு ஐயாட்டா அங்கீகாரம் இருக்குன்னா அவரே டிக்கெட் அடிக்கலாம், அந்தக் காசு பிஎஸ்பிங்கிற செட்டில்மெண்ட் சிஸ்டம் வழியா ஏர்லைனுக்கு போய்ச் சேரும், அவ்ளோதான். உங்க ஹோட்டல் காசுக்கோ விசா காசுக்கோ அது கேரண்டி இல்ல. அதே சமயம் ஐயாட்டா இல்லாத சின்ன ஏஜெண்ட் எல்லாம் ஃப்ராடுன்னும் நினைக்காதீங்க, அவங்க பெரிய ஏஜெண்ட் கிட்ட டிக்கெட் எடுத்துக் குடுப்பாங்க, அது சகஜம். நீங்க பார்க்க வேண்டியது டிக்கெட் உண்மையிலேயே அடிச்சாச்சாங்கிறதை. பிஎன்ஆர்ங்கிற புக்கிங் கோடு வந்தா மட்டும் போதாது, காசே கட்டாம சீட்டை ஹோல்டு பண்ணாலும் பிஎன்ஆர் வரும். 13 இலக்க டிக்கெட் நம்பர் கேளுங்க, முதல் 3 இலக்கம் ஏர்லைனோட கோடு, ஏர் இந்தியான்னா 098, எமிரேட்ஸ்னா 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 618. அப்புறம் ஏர்லைன் சைட்டுலயே புக்கிங்கை திறந்து பாருங்க.

கம்பெனி கவுந்தா உங்க காசு எங்க இருக்கும்? இதைத்தான் ஏஜெண்ட் கிட்ட நேராவே கேட்கணும். பிரிட்டன்ல இதுக்குன்னே ஏட்டால்னு ஒரு லைசென்ஸ் இருக்கு, சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி நடத்துறது, பயணிங்க காசைக் காப்பாத்துறதுக்குன்னு இருக்குற ஒரு ஃபண்டுல ஒரு பயணிக்கு 2.50 பவுண்டு கம்பெனி கட்டணும். தாமஸ் குக் கவுந்தப்போ வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட கிட்டத்தட்ட 1,50,000 பேரை இந்த அத்தாரிட்டிதான் ஃப்ளைட் ஏற்பாடு பண்ணி வீட்டுக்கு கூட்டிட்டு வந்துச்சு. அங்க புக் பண்றவங்க காசு கட்டினதும் ஏட்டால் சர்டிஃபிகேட்டை கேட்டு வாங்குங்க. ஐரோப்பிய யூனியன்லயும் 2018 ஜூலைல இருந்து நடைமுறைல இருக்குற பேக்கேஜ் சட்டப்படி, டூர் நடத்துற கம்பெனி திவாலானா காசு திரும்பக் கிடைக்க ஏற்பாடு இருக்கணும். ஆனா அது பேக்கேஜுக்கு, ஒத்த ஃப்ளைட் டிக்கெட் மட்டும் எடுத்தா அதுல வராது. இந்த மாதிரி பாதுகாப்பு இல்லாத நாடுன்னா முழு காசையும் முன்னாடியே குடுக்காதீங்க, தவணையா குடுங்க, முடிஞ்சா கிரெடிட் கார்டுல கட்டுங்க.

பிரச்சனை வந்துடுச்சுன்னா முதல்ல ஏஜென்சிக்கு ஈமெயில்ல எழுதுங்க, போன்ல சண்டை போட்டதுக்கு ஆதாரம் இருக்காது. இன்வாய்ஸ் நம்பர், தேதி, என்ன சொன்னாங்க, என்ன குடுத்தாங்க, உங்களுக்கு எவ்ளோ திரும்ப வேணும், எந்தத் தேதிக்குள்ள வேணும், இவ்ளோ போதும். பதில் சரியில்லன்னா அவங்க மெம்பரா இருக்குற சங்கத்துக்கு போங்க, இங்கதான் சங்கத்தோட அருமை தெரியும், பிரிட்டன்ல ஆப்டா மாதிரி சங்கங்கள் மெம்பர் மேல வர்ற புகாரை கோர்ட்டுக்கு போகாம தீர்க்குற வழி வச்சிருக்காங்க, பேர் கெட்டுடும்னு பயந்தே பல ஏஜெண்டுங்க இறங்கி வருவாங்க. லைசென்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம்னா ரெகுலேட்டருக்கு.

ஃப்ளைட் லேட், கேன்சல் எல்லாம் ஏஜெண்ட் தலைல கட்டாதீங்க, அதை ஏர்லைன் கிட்டதான் கேட்கணும், ஐரோப்பிய யூனியன்ல இருந்து கிளம்புற ஃப்ளைட்டுன்னா தூரத்தைப் பொறுத்து 250ல இருந்து 600 யூரோ வரைக்கும் நஷ்டஈடு கேட்க சட்டமே இருக்கு, ஆனா புயல் மாதிரி ஏர்லைன் கைல இல்லாத காரணம்னா கிடைக்காது. இந்தியாவுல ஏர்லைன் மேல புகார்னா ஏர்சேவாங்கிற அரசாங்க சைட், ஏஜென்சி மேலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. மாட்ரிட்ல இருக்குற ஐநா சுற்றுலா அமைப்புக்கோ மாண்ட்ரியல்ல இருக்குற ஐகாவோங்கிற ஐநா விமானப் போக்குவரத்து அமைப்புக்கோ உங்க ரீஃபண்டுக்காக எழுதி நாளை வீணாக்காதீங்க, அவங்க வேலை நாடுகளோட, தனிப்பட்ட ஆளோட பஞ்சாயத்து அவங்க பார்க்குறது இல்ல. கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல சார்ஜ்பேக், அதாவது கார்டுல கட்டின காசை பேங்க் மூலமா திரும்ப வாங்குறது, கேட்கவும் ஒரு கெடு உண்டு, ஏஜெண்ட் "அடுத்த வாரம் சார், அடுத்த வாரம் சார்"னு இழுக்குறதுக்குள்ள அது முடிஞ்சு போயிடும், அதனால சங்கத்துக்கு எழுதுற அன்னைக்கே பேங்குக்கும் எழுதிடுங்க.