வாத்து ஊதலைக் காப்பாற்றப் போய் அதன் குரலைத் தொலைக்காதீர்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தின் தென்மேற்குச் சதுப்பு நிலங்களில், பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் வேட்டைக்காரர்கள் வாத்து மாதிரிக் குரல் கொடுத்துக் காட்டு வாத்துகளை அருகே வரவழைக்க நாணல் தண்டில் கையாலேயே செய்யும் வாத்து ஊதல்மீது இப்போது நிறையப் பேருக்கு அக்கறை வந்திருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் செய்யும் சில காரியங்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

முதலில், பழைய ஊதல் கையில் கிடைத்ததும் அதைத் தேய்த்து வார்னிஷ் அடிக்காதீர்கள். உள்ளே ஒரு சின்னப் பலகை இருக்கும், அதன்மேல் மெல்லிய நாக்கு படுத்திருக்கும், அந்தப் பலகையின் முகப்பு எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது, எவ்வளவு வளைகிறது என்பதில்தான் குரலே இருக்கிறது. உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், செய்தவர் பொறுமையாக ஊதி ஊதிக் கேட்டுச் சீவிய வளைவு போய்விடும். நாக்கின் கதையும் அதேதான். நுனியைக் கொஞ்சம் வெட்டினால் சுருதி ஏறும், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. புது நாக்கு போட்டே ஆக வேண்டுமென்றால் சரி, போடுங்கள், பழையதை ஒரு உறையில் போட்டு யார் செய்த ஊதல் என்று எழுதி வையுங்கள்.

புதிதாகச் செய்யப் பழகுகிறவர்கள் பச்சை நாணலை வெயிலில் காயப்போட்டு அவசரப்படுகிறார்கள். அது வெடித்துவிடும், நிழலில்தான் மெதுவாகக் காய வேண்டும்.

அப்புறம் சத்தம். முன்பெல்லாம் வளர்ப்பு வாத்துகளைத் தண்ணீரில் கட்டிவைத்து, அவை கத்துவதைக் கேட்டுக் காட்டு வாத்துகள் இறங்கும். 1935-ல் அமெரிக்க அரசு அதைத் தடை செய்ததும் அந்த வேலையும் ஊதலின் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டே பக்கத்து மாநிலமான ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் நகரில் வாத்து ஊதல் போட்டி தொடங்கியது. மேடையில் நடுவர்களுக்காக ஓங்கி ஊதுவது வேறு, கோரைப் புல்லுக்கு நடுவே தலைக்கு மேல் வட்டமடிக்கும் வாத்துக்குத் தணிந்து கரகரவென்று ஊதுவது வேறு. போட்டி ஊதலை அளவுகோலாக வைத்து நாணல் ஊதலுக்குச் சத்தம் போதவில்லை என்று திருத்துவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு.

வீடியோ எடுக்கிறவர்கள் கத்தி பிடித்த கையையே காட்டுகிறார்கள். ஊதும்போது காற்று வயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையும் சேர்ந்து உறும வேண்டும், அதையும் பதிவு செய்யுங்கள். 1921-ஆம் ஆண்டின் லூசியானா மாநில அரசியல் சட்டம் பள்ளிகளை ஆங்கிலத்துக்கு மாற்றிய பிறகும் வீட்டில் பிரெஞ்சு பேசியே வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் ஆங்கிலத்தில் மட்டும் கேள்வி கேட்டால் பாதி விவரம் வராது.

எல்லாவற்றையும் கரையோர வீடு ஒன்றிலேயே வைக்கவும் வேண்டாம். கேமரன், லேக் சார்ல்ஸ் பக்கம் 2005-ல் ரீட்டா புயலும் 2020-ல் லாராவும் என்ன செய்தன என்று தெரியுமல்லவா? பதிவுகளின் ஒரு பிரதியைக் கரையிலிருந்து தள்ளி, லாஃபயெட் நகரில் உள்ள லூசியானா பல்கலைக்கழகத்தின் கேஜன், கிரியோல் நாட்டார் வழக்காற்று ஆவணக் காப்பகம் மாதிரி ஓர் இடத்தில் கொடுத்து வைக்கக் கேட்டுப் பாருங்கள்.