ட்ரெய்னிங் டீச்சர்கள் சறுக்கும் இடங்கள்

சென்ற வருடம் பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடந்துகொண்டிருந்தது. எடுத்தவர் பி.எட். பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்திருந்த ஒரு பெண், இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். நான் கடைசி பெஞ்சில் அவருடைய அப்சர்வேஷன் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரும்பலகையில் இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் அழகாக வரைந்து முடித்தார். ஒரு பையன் எழுந்து, "மிஸ், முதல் பல்பு கரண்ட்டைச் சாப்பிட்டுட்டா ரெண்டாவது பல்புக்கு மிச்சம் எப்படி வரும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவர் ஓம் விதியை இன்னொரு முறை எழுதிக் காட்டினார். பையன் உட்கார்ந்துவிட்டான். மணி அடித்ததும் என்னிடம் வந்து, "இவ்வளவு சின்னக் கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியல சார்" என்றார்.

அது சின்னக் கேள்வி இல்லை. மின்னோட்டம் பல்பில் செலவாகித் தீர்ந்துபோகிறது என்று பல நாட்டுப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். அறிவியல் கற்பித்தலில் நெடுநாளாகப் பேசப்படும் தவறான எண்ணங்களில் இதுவும் ஒன்று. ஓம் விதியை எத்தனை முறை எழுதினாலும் அது போகாது. ஒரே மாதிரி இரண்டு டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி கட்டை, கொஞ்சம் ஒயர் போதும். "ரெண்டாவது பல்பு மங்கலாக எரியும்னு யார் யார் நினைக்கிறீங்க?" என்று கை தூக்கச் சொல்லிவிட்டு இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் எரிவதைப் பார்த்தபின் பிள்ளைகளே வாதாடத் தொடங்குவார்கள். அப்புறம் சைக்கிள் செயினைச் சொல்லலாம். செயின் சுற்றிச் சுற்றி வருகிறது, குறைவதில்லை. ஆனால் நம் மிதியின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

பாடத்தில் ஆழமாகப் படித்தவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. பட்டப்படிப்பில் நல்ல மதிப்பெண், அதனால் பாடம் தெரியும், பி.எட். என்பது வேலைக்கு வேண்டிய ஒரு சான்றிதழ் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு பாடத்தை அறிவது வேறு, அந்தப் பாடம் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் தலைக்குள் எங்கே சிக்கும் என்று அறிவது வேறு. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இந்த இரண்டாவது அறிவுக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார். பி.எட். கற்பித்தல்முறைத் தாள்களில் அவர் பெயர் வரும். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோவோம். கணக்குக்காரர்களுக்கும் இதே கதைதான். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளையிடம் "பொது மடங்கு எடு" என்று சொன்னால் விடை திருந்தும், எண்ணம் திருந்தாது. "ஐந்தில் இரண்டு பெரியதா, அரை பெரியதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்று பிள்ளை தானே திகைக்கும். பயிற்சிக் காலத்தில் சேர்க்க வேண்டிய சொத்து இந்த மாதிரிக் கேள்விகள்தான். நான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் தனியாக ஒரு நோட்டுப் போடச் சொல்வேன். பிள்ளைகள் கேட்ட கேள்வியும் எழுதிய தப்பும் மட்டும் அதில் இருக்க வேண்டும். பத்தில் ஒருவர் போடுவார்.

இரண்டாவது, "என் மேஜர் அது இல்லையே" என்பது. தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எடுக்கிறார். அறிவியல் ஆசிரியர் என்றால் இயற்பியல் படித்தவரும் செல்லையும் திசுவையும் நடத்தியாக வேண்டும். விலங்கியல் படித்தவர் அணுக்கரு இயற்பியலுக்கும் தயாராக வேண்டும். வரலாறு படித்தவருக்குப் புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் சேர்ந்தே வரும். பயிற்சியின்போது வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லித் தன் மேஜர் பாடங்களை மட்டும் வாங்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். வேலையில் சேர்ந்த முதல் ஜூன் மாதம் தவிக்கிறவர்களும் அவர்களே. தப்பு செய்தாலும் பக்கத்தில் திருத்த ஆள் இருக்கும் அந்தச் சில மாதங்களில்தான் தெரியாத பாதியைக் கேட்டு வாங்கி எடுத்துப் பார்க்க வேண்டும்.

கலைச்சொல் தகராறு இதோடு ஒட்டியது. கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழ் வழி வகுப்பில் நின்று முடுக்கம், உந்தம், நிலைமம் என்ற சொற்களில் தடுக்கி விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உந்தத்துக்கும் உந்துவிசைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவர் முப்பது நிமிடம் ஓட்டினார். முதல் பெஞ்ச் பிள்ளைகள் சத்தமில்லாமல் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வழிப் பாடநூல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கு ஒரு வாரம் ஆகும். அவ்வளவுதான்.

பாடக்குறிப்பு பற்றிச் சொல்லாமல் முடியாது. சீனியர் எழுதியதை வாங்கித் தேதி மாற்றி எழுதுவது ஊரறிந்த வழக்கம். ஒரு முறை வேறு ஊர்ப் பள்ளியின் பெயரோடு ஒரு பாடக்குறிப்பு என் கையெழுத்துக்கு வந்தது. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நோக்கம் என்ற இடத்தில் "மாணவர்கள் ஒளி விலகலை அறிந்துகொள்வர்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அறிந்துகொண்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? "தண்ணீருக்குள் இருக்கும் காசு மேலே தூக்கித் தெரிவதற்குக் கதிர்ப்படம் வரைந்து காரணம் சொல்வர்" என்று எழுதினால் பாடம் எப்படிப் போக வேண்டும் என்பதும், கடைசி ஐந்து நிமிடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தானாகத் தெரியும். கற்றல் நோக்கங்களைப் படிநிலையாகப் பிரிக்கும் புளூமின் வகைப்பாட்டை இரண்டு வருடமும் படிப்பது இதற்காகத்தான். இன்னொன்று, எழுதிய எல்லாவற்றையும் நாற்பது நிமிடத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். வருகை எடுக்கவும் வகுப்பு அடங்கவும் ஆறேழு நிமிடம் போய்விடும்.

கல்லூரியில் சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் எடுத்துப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலைப் பலர் நாடகமாக நடத்திவிட்டுப் போகிறார்கள். நம் நாட்டுக் கல்லூரிகளில் வழக்கமாகப் பின்பற்றும் சுற்று 36 நிமிடம். கற்பிக்க 6, கருத்துக் கேட்க 6, மாற்றித் திட்டமிட 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக் கேட்க 6. இதில் அதிக நேரம் எதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தோழிகள், "சூப்பரா இருந்துச்சுடி" என்று சொல்லிவிடுவார்கள், ரெக்கார்டில் மதிப்பீட்டுத்தாளை இரவில் தானே நிரப்பிக்கொள்ளலாம். கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக மூன்று விநாடிகூடக் காத்திருக்காத பழக்கம் அங்கே திருந்தாவிட்டால் எங்கே திருந்தும்?

சரி, கல்லூரி விஷயம். வகுப்புக்கு வராமலே பி.எட். வாங்கித் தருகிறோம் என்று பேசுகிற தனியார் கல்லூரிகள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊரிலேயே விசாரித்தால் தெரியும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் பி.எட்.டை இரண்டாண்டுப் படிப்பாக்கின. பாட வகுப்புகளுக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை கேட்கின்றன. பள்ளிப் பயிற்சி மட்டும் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். வருகைப் பதிவேட்டை எப்படியோ சரிக்கட்டிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதினாறு வாரத்தை எப்படிச் சரிக்கட்டுவது? ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவின் மதியம் கடைசி பீரியடை முதல்முதலாக முழுச் சம்பளம் வாங்கும் நாளில் சந்திப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். சேரும் முன் இன்னொன்றும் பாருங்கள். கல்லூரிக்குக் குழுமத்தின் அங்கீகாரம் இந்த ஆண்டும் நடப்பில் இருக்கிறதா, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா? சுவரில் மாட்டிய பழைய ஆணையைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

உண்மையில் தகுதி விஷயத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பல்புக் கதை முந்திக்கொண்டது. இதில் செய்யும் தவறு திருத்த முடியாதது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசை முறியக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு பி.எட். சேர்க்கையில் இடமில்லை. பொருளியல், வணிகவியல், அரசியல் அறிவியல் போன்ற பாடக்காரர்கள் இளங்கலையோடு பி.எட். சேர முடியாது, முதுகலை வேண்டும். இன்றைக்குக் கல்லூரிகள் புதுப்புதுப் பெயரில் பட்டம் கொடுக்கின்றன. உங்கள் பட்டத்தின் பெயர் பள்ளிப் பாடத்தின் பெயரோடு நேராகப் பொருந்தாவிட்டால், இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் போய் இதைக் கேள்விப்படுவது மிகத் தாமதம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் ஆக நினைப்பவர்கள் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் முடித்திருக்க வேண்டும். கணிதத்தில் இளங்கலையும் ஆங்கிலத்தில் முதுகலையும் வைத்திருந்தால் எந்தப் பக்கமும் நிற்காது.

தமிழ் வழியில் படித்தவர்கள் தங்களுக்கே வைத்துக்கொள்ளும் ஆப்பு ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணிகளில் 20 சதவீதம் தமிழ் வழியில் படித்தோருக்கு முன்னுரிமை. பள்ளியில் தொடங்கி அந்தப் பணிக்கு வேண்டிய தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். பி.எட்.டும் அந்தத் தகுதியில் அடங்கும். பட்டம் வரை தமிழில் படித்துவிட்டு, "இங்கிலீஷ் மீடியம்னா மரியாதை" என்று பி.எட்.டை மட்டும் ஆங்கில வழியில் முடித்த என் நண்பர் ஒருவர் இன்றும் அதை நினைத்துப் புலம்புகிறார்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாக. டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் 150 கேள்வி. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல். தன் மேஜரை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும். தேறிவிட்டால் வேலை என்ற நினைப்பும் வேண்டாம். 2018ஆம் ஆண்டின் அரசாணை 149க்குப் பிறகு டெட் வெறும் தகுதிதான், நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. 2024 பிப்ரவரியில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய பட்டதாரி ஆசிரியர் தேர்வில் கட்டாயத் தமிழ்ப் பகுதி 50 மதிப்பெண்ணுக்கு வந்தது. அதில் 20 எடுக்காவிட்டால் பாடத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் கணக்கில் வராது. ஆங்கில இலக்கியக்காரர்களும் கணிதக்காரர்களும் தமிழை அலட்சியமாக விடுவதற்கு இனி இடமில்லை. 2025 செப்டம்பரில், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே நரைத்த தலைகள் குழந்தை உளவியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் அவர்கள் சந்தேகம் கேட்கிறார்கள்.

மறுபடி பள்ளிக்கு வருவோம். முதல் நாள் வகுப்பு அடங்கவில்லை என்றதும் குச்சி தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, அடிப்பதையும் மனத்தளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. "உன் மூஞ்சிக்குப் படிப்பு ஒரு கேடா" என்பதும் அதில் சேர்ந்ததுதான். நேர்மாறான தவறு, பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு அக்கா அண்ணன் ஆகிவிடுவது. உங்களுக்கு இருபத்திரண்டு, அவர்களுக்குப் பதினாறு. போன் நம்பர் கொடுக்காதீர்கள், அவர்களைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். பிள்ளைகளின் பெயரைப் படித்துக்கொள்ளுங்கள். "ஏய், நீல ரிப்பன்" என்று கூப்பிடும் ஆசிரியருக்கு அடங்காத வகுப்பு, "கவிதா, நீ சொல்லு" என்றால் திரும்பிப் பார்க்கும்.

வழிகாட்டி ஆசிரியர் உங்களை விடுப்பிலிருக்கும் ஆசிரியர்களின் வகுப்புக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தால், முகம் கோணாமல் நான்கைந்து நாள் போங்கள். அதற்குமேல் போனால் ஹெச்.எம்.மிடம் சொல்லிவிடலாம். நாங்களும் அந்தத் தப்பைச் செய்கிறோம், மறைப்பதற்கில்லை. முடிந்தால் உங்கள் பாடத்தை நன்றாக எடுக்கும் வேறொருவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். ரெக்கார்டுகளுக்கும் பயிற்சிச் சான்றிதழுக்கும் கடைசி நாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள். அன்றைக்குத்தான் ஹெச்.எம். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மீட்டிங் என்று போயிருப்பார், பள்ளி முத்திரை அவர் பீரோவுக்குள் பூட்டியிருக்கும்.