விரைக் கட்டி ஸ்லைடை எங்கே பார்க்கத் தொடங்குவது?

பேத்தாலஜிக்கு (திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயறியும் துறை) புதிதாக வந்தவர்கள் விரைக் கட்டி என்றதும் மார்க்கர் (செல்லின் வகையைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) பட்டியலை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். கருவில் விரை எப்படி உருவாகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாக விளங்கும்.

படி 1: கரு

ஆறேழு வாரக் கருவில், ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு (1990-இல் அடையாளம் கண்டது) சாக்ஸ்9 புரதத்தை முடுக்கிவிடுகிறது. அதனால் இனச்செல்களைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்கள் உருவாகி, விரை வடிவெடுக்கிறது. அங்கே வந்து சேரும் ஆதி இனச்செல்களின் (பின்னாளில் விந்தணுவைத் தருபவை) உட்கருவில் ஆக்ட்4 என்ற புரதம் இருக்கும். செல் முதிர முதிர அது அணைந்துவிட வேண்டும். வளர்ந்த ஆணின் விரையில் அது இன்னும் எரிந்துகொண்டிருந்தால், அங்கேதான் சிக்கல்.

படி 2: குழாய்கள்

கட்டிக்குள் பாய்வதற்கு முன் பக்கத்திலுள்ள விந்துக் குழாய்களைப் பாருங்கள். சுவரோரம் பெரிய செல்கள், உட்கருவில் ஆக்ட்4 இருப்பதைக் காட்டும் பழுப்புச் சாயம் என்றால் அது புற்றின் முன்நிலை. டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கபெக் 1972-இல் குழந்தையின்மைக்காகப் பரிசோதித்த ஆண்களிடம் கண்டது இந்தச் செல்களைத்தான்.

படி 3: கட்டி

ஆக்ட்4 பாசிட்டிவா? அப்படியென்றால் செமினோமா அல்லது எம்பிரியோனல் கார்சினோமா (இரண்டும் இனச்செல் புற்றுகள்). செல் சவ்வில் கிட் என்ற மார்க்கர், உட்கருவில் சாக்ஸ்17 தெரிந்தால் செமினோமா பக்கம். சவ்வில் சிடி30 தெரிந்தால் எம்பிரியோனல் பக்கம். நெகட்டிவ் என்றதும் இனச்செல் கட்டியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். யோக் சாக் கட்டி என்ற இன்னொரு இனச்செல் கட்டியில் ஆக்ட்4 வராது. சால்4, கிளைப்பிகன்-3 என்ற வேறு மார்க்கர்கள் வரும். ஒரே கட்டியில் இரண்டு மூன்று வகை கலந்திருப்பதும் சகஜம். அப்புறம், கன்ட்ரோல் ஸ்லைடை (சாயம் சரியாக வேலை செய்ததா என்று காட்டும் ஒப்பீட்டு ஸ்லைடு) பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

படி 4: ரத்த ரிப்போர்ட்

செமினோமா மட்டும் என்றால் ஏ.எஃப்.பி. (கல்லீரலும் சில கட்டிகளும் ரத்தத்தில் விடும் புரதம்) சுரக்காது. ஸ்லைடில் செமினோமா, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. அதிகம், கல்லீரல் கோளாறும் இல்லை என்றால், வேறு வகை கலந்திருக்கிறதா என்று கட்டியிலிருந்து இன்னும் பல இடங்களை வெட்டிப் பாருங்கள். எச்.சி.ஜி. (கர்ப்பகால ஹார்மோன், சில கட்டிகளும் சுரக்கும்) சற்றே கூடியிருப்பது செமினோமாவிலும் உண்டு. அறுவைக்குப் பிறகு ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும். இரண்டு வாரத்தில் கால்வாசிக்கு இறங்கவில்லை என்றால் வேறெங்கோ கட்டி மிச்சமிருக்கிறதா என்று தேடுவார்கள்.

சரி, கைக்குழந்தையின் ஸ்லைடு வந்தால்? அந்த வயதில் ஆக்ட்4 கொஞ்சம் மிஞ்சியிருப்பதும், ரத்தத்தில் ஏ.எஃப்.பி. மிக அதிகமாக இருப்பதும் இயல்பே. ஆகவே சாயத்தைப் பார்ப்பதற்கு முன் படிவத்தில் வயதைப் பாருங்கள்.