இடி விழுந்த பிறகு வரும் எஸ்.எம்.எஸ்: கல்லூரி எச்சரிக்கைத் தகவல் எங்கே தாமதமாகிறது, எப்படிச் சரிசெய்வது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் பிற்பகலில் இடி மழை வழக்கம்தான். பொட்டல்வெளியில் பரந்து கிடக்கும் வளாகத்தில், மைதானத்துப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட 10 நிமிடம் கிடைத்தால் பெரிது. எச்சரிக்கை அதற்குள் போய்ச் சேரவில்லையா? சிக்னலைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தை எடுங்கள்.

ஒத்திகை ஒன்று வைத்து நான்கு நேரங்களைக் குறியுங்கள்: ஆபத்தைப் பார்த்தவர் வாய் திறந்த நேரம், அனுப்பும் பொத்தானை அழுத்திய நேரம், மொத்தமாக எஸ்.எம்.எஸ் அனுப்பித் தரும் கேட்வே ஏற்றுக்கொண்ட நேரம், போனில் வந்து விழுந்த நேரம். மைதானம், நூலகம், ஹாஸ்டல், கேன்டீன், பஸ் நிற்கும் இடம் என ஐந்து இடங்களில் ஆள் நிறுத்துங்கள். ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல் நான்கும் அவர்கள் கையில் இருக்கட்டும். கனத்த சுவர் எழுப்பிய பழைய கட்டடம் இருந்தால் அதன் உள்ளறையில் ஒருவர் கட்டாயம். எல்லாப் போனிலும் நேரம் 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடிகாரப் பிசகை நெட்வொர்க் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

பெரும்பாலும் முதல் இடைவெளிதான் நீளும். வாட்ச்மேன் பி.டி. சாரிடம் சொல்வார், அவர் ஹெச்.ஓ.டி.யிடம், அவர் பிரின்சிபாலிடம். பிரின்சிபால் மீட்டிங்கில் இருப்பார். இதற்கு எந்த மென்பொருளும் மருந்தில்லை. யாரையும் கேட்காமல் அனுப்ப மூன்று பேருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். அவர்களுக்கு ஒரே விதி: மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, அனுப்பு. கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே 'வெளியே வரலாம்'. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் மின்னல் எச்சரிக்கைச் செயலி 'தாமினி' அந்த மூவர் போனிலும் இருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

அடுத்தது வாசகம். 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, அனுப்பும் பெயரையும் வாசகத்தையும் மொத்த எஸ்.எம்.எஸ்ஸுக்கான பதிவுத் தளமான டி.எல்.டி.யில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். மழை வந்த பிறகு உட்கார்ந்து எழுதும் வாசகம் போகவே போகாது. பதிந்ததில் ஒரு வார்த்தை மாறினாலும் நிராகரிப்புதான். தமிழில் இன்னொரு கண்ணி உண்டு: 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கல்லூரிப் பெயரில் 'ஸ்ரீ' இருந்தாலும் இதே தலைவலி. ஆகவே மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தையே சேமித்து வைத்து அனுப்புங்கள். வகை 'சர்வீஸ்', அதாவது சேவைத் தகவல், என்று இருக்க வேண்டும். விளம்பர வகையில் பதிந்தால் இரவில் போகாது, விளம்பரம் வேண்டாம் என்று டி.என்.டி. போட்ட எண்களுக்கும் போகாது. லிங்க் வேண்டாம், 2024 அக்டோபர் முதல் அதற்கும் முன்பதிவு தேவை.

இனி எழுத்தை எண்ணுவோம். ஆங்கில எஸ்.எம்.எஸ் ஒன்றில் 160 எழுத்து, தமிழில் 70. அதைத் தாண்டினால் தகவல் துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டுக்கும் 67தான். அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்தல்ல. 'மின்னல்' நமக்கு நான்கு எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காவதால் போனுக்கு ஏழு. 'அன்பார்ந்த மாணவ மாணவியர் கவனத்திற்கு' என்று ஆரம்பித்தால், விஷயத்துக்கு வருவதற்குள் 36 போய்விடும். மாறாக:

'மின்னல் அபாயம். கட்டடத்துக்குள் இருங்கள்.'

இது 41. கல்லூரியின் சுருக்கப் பெயருக்கு இன்னும் 29 மிச்சம். மரியாதைக் குறைவு என்று சில நிர்வாகிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? 3,000 மாணவர், அவர்கள் பெற்றோர் சேர்த்து 6,000 எண்கள். வாசகம் மூன்று துண்டு. மொத்தம் 18,000. கேட்வேயில் உங்கள் கணக்குக்கு விநாடிக்கு 10 என்று வேகம் கொடுத்திருந்தால், கடைசித் துண்டு கிளம்பவே 30 நிமிடம். ஒரே துண்டாக மாணவருக்கு மட்டும் முதலில் அனுப்பினால் 5 நிமிடம். பெற்றோருக்கு அடுத்த சுற்றில், தனி வாசகம். உங்கள் வேகம் எவ்வளவு என்று சேவை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் 'சப்மிட்டட்' (அனுப்பக் கொடுத்தாயிற்று) என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், 'டெலிவர்டு' (போனுக்குப் போய்ச் சேர்ந்தது)தான் கணக்கு.

தகவலின் ஆயுளையும், அதாவது அணைந்திருக்கும் போனுக்காக அது காத்திருக்கும் நேரத்தையும், ஒரு மணி நேரமாகக் குறைத்து வையுங்கள். வகுப்பில் போனை அணைத்து வைக்கச் சொல்லும் கல்லூரிகள் நிறைய. சாயங்காலம் புதுவயல் பஸ்ஸில் ஏறி போனைப் போட்டதும் மத்தியான மின்னல் எச்சரிக்கை வந்தால், அடுத்த முறை யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

அதே காரணத்தால் மணியும் மைக்கும் முதலில், போன் இரண்டாவது. இடியும் கரண்ட் கட்டும் ஜோடியாக வரும் ஊர் இது. ஆம்ப்ளிபயர் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். பீரியட் மணிக்கும் ஆபத்து மணிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

வாட்ஸ்அப் உதவிக்குத்தான். குழுவில் 1,024 பேர் வரை. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவர்களுக்கு மட்டும். பேட்டரி சேமிப்பில் போன் தூங்கினால் செயலி அறிவிப்புகள் பிந்தி வரும். 2023-ல் போன்கள் ஒரே நேரத்தில் அலறிய அரசின் சோதனை நினைவிருக்கும். அது செல் பிராட்காஸ்ட். எண் எண்ணாக அனுப்பாமல் டவரிலிருந்தே பரப்புவதால் அதில் வரிசை கிடையாது. ஆனால் அது அரசின் கையில் இருக்கிறது, கல்லூரி அனுப்ப முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பஸ்ஸுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பிப் பயனில்லை. பஸ்ஸில் வரும் உதவியாளரைப் போனில் கூப்பிடுங்கள். மூன்று பஸ்ஸுக்கு ஓர் ஆள் என்று முன்பே பிரித்து வையுங்கள்.

ஒத்திகையை மைதானம் காலியாகக் கிடக்கும் சனிக்கிழமையில் வைக்காதீர்கள். வேலை நாளில் கடைசி பீரியடில் வையுங்கள். வாசகத்தின் முதல் சொல் 'ஒத்திகை' என்று இருக்கட்டும். அந்த வாசகத்தையும் டி.எல்.டி.யில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும்.