பூவையும் 'நன்றி'யையும் பிரித்தேன்

வாழ்த்து அட்டை செய்ய வாங்கிய ரப்பர் ஸ்டாம்ப். ஒரே மரக்கட்டையில் பூங்கொத்து, அதற்குக் கீழேயே 'நன்றி'. பூ மட்டும் வேண்டுமென்றால் எழுத்தின் மேல் டேப் ஒட்டி, மை தடவி, டேப்பை உரித்துவிட்டு அச்சடிக்க வேண்டும். ஒவ்வொரு அட்டைக்கும் இப்படியென்றால் யாருக்குப் பொறுமை இருக்கும்? கட்டையைக் கழற்றிவிட்டேன்.

ஹேர் டிரையரில் சூடு காட்டினால் பசை இளகும். ஓரத்தில் நகத்தை நுழைத்து மெதுவாக உரிக்கலாம். கத்தியால் நெம்பினால் ரப்பர் கிழியும். ரப்பரின் முதுகில் ஒட்டியிருக்கும் பழைய ஃபோமை எடுப்பதுதான் எரிச்சல் பிடித்த வேலை, துணுக்குத் துணுக்காகத்தான் வரும். மிச்சப் பசையை விரலால் உருட்டியே எடுத்தேன்.

அடுத்து கிளிங் ஃபோம்: ஒரு பக்கம் பசையும், மறுபக்கம் வழவழப்பான பரப்பில் பசையில்லாமலே பிடித்துக்கொள்ளும் தன்மையும் உள்ள மெத்தென்ற தாள். அதன் பசைப் பக்கத்தை ரப்பரின் முதுகில் ஒட்டி, ரப்பரையும் ஃபோமையும் சேர்த்தே, பூ தனியாக, 'நன்றி' தனியாக வெட்டினேன். கத்தரிக்கோலை அசைக்காமல் ரப்பரைத் திருப்பித் திருப்பி வெட்டினால் வளைவுகள் சீராக வரும். வெட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். இதழின் அடியைக் குடைந்துவிட்டால் விளிம்புக்குத் தாங்கல் இருக்காது, அச்சு மங்கும். அதற்காக ஓரத்தில் அதிகம் விட்டாலும் தொல்லை: அங்கும் மை ஏறித் தாளில் தீற்றல் விழும்.

இனி எந்தத் துண்டு வேண்டுமோ அதை அக்ரிலிக் கட்டையில் அழுத்தினால் போதும், தானாகப் பிடித்துக்கொள்ளும். கட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால் 'நன்றி' கோணலாக விழுவதில்லை. வெட்டிய துண்டுகளை லேமினேட் செய்த தாளில் ஒட்டி ஃபைலில் வைத்திருக்கிறேன்.