தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள்: அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தலில் புது வேட்பாளருக்குப் பணம் திரட்டும் விதம்

உசிலம்பட்டியில் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மொய் நோட்டுகள் இருக்கும். யார், எந்த ஊர், எவ்வளவு என்று ஒரு வரி விடாமல் எழுதியிருப்பார். 2022ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு நின்ற ஒருவருக்கு நான் பொருளாளராக உட்கார்ந்தபோது அந்த நோட்டுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அவர் ஒரு நர்ஸ், என் மகளோடு படித்த பெண்ணின் அம்மா. மிட்வெஸ்டில் ஒரு தொகுதி. பல முறை ஜெயித்தவரை நவம்பரில் எதிர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றான பிரைமரியிலேயே தோற்றோம். அவருக்கு ஓட்டுக் கேட்க நன்றாகவே வந்தது. பணம் கேட்கத்தான் நான்கு மாதம் தயங்கினார், நானும் அதை விட்டுவிட்டேன். இப்போது 2026ல் நிற்பவர்களுக்கு உதவப் போகும் நண்பர்கள் சிலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைத் திறந்துவிடுங்கள். 5,000 டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ சட்டப்படி அவர் வேட்பாளர். அதிலிருந்து 15 நாளுக்குள் வேட்பாளர் அறிவிப்பையும், அடுத்த 10 நாளுக்குள் பிரச்சாரக் குழுவின் பதிவையும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தனி வங்கிக் கணக்கு கட்டாயம். பொருளாளர் இல்லாத குழு ஒரு டாலர்கூட வாங்கவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது. கணக்கு வைக்க ஆணையமே ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது, ஆரம்பத்துக்கு அது போதும்.

அப்புறம் பட்டியல். இந்த வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதிதாக நிற்பவர்கள் எல்லோரும் பெரிய பணக்காரர்களையும், 'பேக்' எனப்படும் அரசியல் நிதிக் குழுக்களையும்தான் முதலில் தேடிப் போகிறார்கள். அந்தக் குழுக்களின் பணத்தில் பெரும்பகுதி பதவியில் இருப்பவர்களுக்கே போகும். சபையின் கமிட்டியில் உட்கார்ந்து ஓட்டுப் போடுபவர் பதவியில் இருப்பவர்தான், உங்கள் ஆள் நாளைக்கு அங்கே இருப்பாரா என்பதே சந்தேகம். போன தேர்தலில் மிஞ்சிய பணமும், போன முறை கொடுத்தவர்களின் முகவரியும் அவரிடம் தயாராக இருக்கின்றன. உங்கள் ஆளிடம் இருப்பது அவருடைய போன் மட்டும்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

எங்கள் வேட்பாளரின் போனில் இருந்த எண்களை அச்செடுத்து, என் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தோம். நர்சிங் கல்லூரியில் கூடப் படித்தவர்கள், பழைய வார்டு டாக்டர்கள், சர்ச்சில் தெரிந்தவர்கள், பிள்ளைகளின் சாக்கர் கோச், கல்யாணத்துக்கு வந்த சொந்தம். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி: இவர் கூப்பிட்டால் எடுப்பாரா? எவ்வளவு கொடுக்க முடியும்? இவரிடம் கேட்கச் சரியான ஆள் வேட்பாளரா, வேறு யாராவதா? தொகையைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். 500 கொடுக்கக்கூடியவரிடம் 50 கேட்டால் 50தான் வரும், அடுத்த முறை கேட்கவும் சங்கடமாக இருக்கும். 2025–26 தேர்தலுக்குத் தனிநபர் வரம்பு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரி ஒன்று, நவம்பர் ஒன்று என இரண்டும் தனித்தனி. கணவன் மனைவிக்கும் தனித்தனி.

ஆணையத்தின் இணையதளத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பெயர், ஊரோடு கிடக்கிறது. அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். அந்தப் பெயர்களை எடுத்துப் பணம் கேட்பது சட்டப்படி குற்றம். தொடவே தொடாதீர்கள்.

பட்டியல் வந்ததும் போன். 'கால் டைம்' என்பார்கள். புது எம்.பி.க்களே தினம் நான்கு மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் பிரச்சாரக் குழு கொடுத்த மாதிரி அட்டவணை ஒன்று 2013ல் பத்திரிகையில் வெளியானது. பதவியில் இருப்பவருக்கே அப்படியென்றால் எதிர்த்து நிற்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேட்பாளரைத் தனியாக விடாதீர்கள், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுக் கொடுக்க வேண்டும். தனியாக விட்டால் போனைக் கையில் வைத்துக்கொண்டு மெயில் பார்ப்பார்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஓய்வுபெற்ற டாக்டர், அவரோடு எங்கள் வேட்பாளர் பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். சுகம் விசாரித்தார், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், ஏன் நிற்கிறேன் என்று அழகாகச் சொன்னார். "இந்த மாதக் கடைசிக்குள் 1,000 டாலர் கொடுக்க முடியுமா டாக்டர்?" என்றும் கேட்டுவிட்டார். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. உடனே இவரே, "முடியாவிட்டால் பரவாயில்லை, நூறு கொடுத்தாலும் போதும்" என்றார். நூறுதான் வந்தது. அன்றைக்கு ஒரு மஞ்சள் சீட்டில் 'தொகையைச் சொல், பேசாமல் இரு' என்று எழுதி அவர் கண்ணெதிரே ஒட்டினேன். அந்த ஒரு நொடியில் எதிரில் இருப்பவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார். அதைக் கெடுக்கக் கூடாது. அடுத்த வாரம் வேறொருவரிடம் அதே ஆயிரத்தைக் கேட்டுவிட்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் போனது போல இருந்தது. "சரி, செக் அனுப்பட்டுமா, ஆன்லைனிலா?" என்று பதில் வந்தது.

தருகிறேன் என்று சொன்னது பணமாகாது. போனை வைத்த கையோடு லிங்க் போக வேண்டும், மூன்றாம் நாள் ஒரு ஞாபகச் செய்தி, வாரக் கடைசியில் மறுபடி போன். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஆக்ட்புளூ, குடியரசுக் கட்சிக்காரர்கள் வின்ரெட் என்ற நன்கொடை இணையதளங்கள் வழியாக வாங்குகிறார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தைச் செலவாக எழுத மறக்காதீர்கள்.

இனி யாரிடம் வாங்கக் கூடாது என்பது. நம் ஆட்களிடம் வசூலிக்கும்போது இதில்தான் தடுக்கி விழுவோம். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் கொடுக்கலாம். எச்-1பி வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவும் அப்படித்தான். ஒரு தம்பி ஆசையாக 250 டாலரோடு வந்தார். "தம்பி, பணம் வேண்டாம், சனிக்கிழமை வாங்க, வீடு வீடாப் போகலாம்" என்றேன். சம்பளமில்லாமல் உழைக்கலாம், முடிவெடுப்பதில்தான் கலந்துகொள்ளக் கூடாது. கார்ப்பரேஷனாகப் பதிவான கம்பெனியின் கணக்கிலிருந்து செக் வாங்கக் கூடாது. மளிகைக் கடை அண்ணாச்சி கடை பெயரில் கொடுத்த செக்கைத் திருப்பிக் கொடுத்து, சொந்தக் கணக்கிலிருந்து வாங்கினோம். கோயில் பணம், அறக்கொடையாகப் பதிவான தமிழ்ச் சங்கத்தின் பணம் வரவே கூடாது. ரொக்கம் ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் கூடாது. ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் எழுதுவது பெரிய குற்றம். "மச்சான் பேர்ல ஒரு ஆயிரம் போட்டுக்கோங்க" என்று யாராவது சொன்னால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

செய்யக்கூடிய நல்ல காரியம் வீட்டு விருந்து. தன் வீட்டில் வேட்பாளரை அழைத்துச் சாப்பாடு போடுபவர் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் வரை அதற்குச் செலவழித்தால் அது நன்கொடைக் கணக்கில் வராது. இருபது பேருக்கு இட்லி, வடை, காபி போட அது தாராளம்.

200 டாலரைத் தாண்டிக் கொடுத்தவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் ஆணையத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் வர வேண்டும். இது கிட்டத்தட்ட மொய் நோட்டுதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம், மொய்யை நாளைக்குத் திருப்பி வைக்க வேண்டும், இதற்குப் பதில் மரியாதை என்று எதுவும் இருக்கவே கூடாது. கொடுப்பவரிடமே இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

காலாண்டு அறிக்கையை ஊரே பார்க்கும்: கட்சித் தலைமை, நிருபர்கள், எதிராளி. முதல் அறிக்கையில் எண் சின்னதாக இருந்தால் அடுத்த போன்களை யாரும் எடுக்க மாட்டார்கள். 1985ல் தொடங்கிய எமிலிஸ் லிஸ்ட் என்ற அமைப்பின் பெயரிலேயே இது இருக்கிறது, 'எமிலி' என்பது ஓர் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள்: முதலில் வரும் பணம் மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் மாதிரி. நாங்கள் நான்கு மாதம் தயங்கியதன் விலை இங்கேதான் தெரிந்தது.

இன்னொரு பொறி, நவம்பர் பணம். 2022ல் வரம்பு 2,900. மூன்று பேர் பிரைமரிக்கும் நவம்பருக்கும் சேர்த்து 5,800க்குச் செக் கொடுத்தார்கள். வங்கியில் பணம் நிறைய இருப்பது போலத் தெரியும், அதில் பாதியைப் பிரைமரிக்குத் தொடக் கூடாது. பிரைமரியில் தோற்றால் 60 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வந்தது. தனியாக ஒதுக்கி வைத்திருந்ததால் தலை நிமிர்ந்து கொடுத்தோம்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார்கள். ஜெயிக்க எதிராளி அளவுக்குத் தேவையில்லை, மக்கள் உங்கள் பெயரைத் தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தேவை. 2014ல் வர்ஜீனியாவில் டேவ் பிராட் சுமார் 2 லட்சம் டாலரை வைத்துக்கொண்டு, 50 லட்சத்துக்கு மேல் செலவழித்த, பதவியில் இருந்த எரிக் கேன்டரைப் பிரைமரியில் வீழ்த்தினார். 2018ல் நியூயார்க்கில் பதவியில் இருந்த ஜோ கிரவுலியைப் பிரைமரியில் எதிர்த்த அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் பணத்தில் அவருக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆனாலும் ஜெயித்தார். அதற்கு நேர்மாறாக, 2020ல் கென்டக்கி செனட் தேர்தலில் ஏமி மெக்ராத் 9 கோடி டாலருக்கு மேல் திரட்டியும், பதவியில் இருந்த மிட்ச் மெக்கானலிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். நாடு முழுவதிலுமிருந்து வரும் பணம் தொகுதியில் ஓட்டாகாது. எனக்குத் தொகுதிக்குள்ளிருந்து வரும் 25 டாலர்தான் பெரிது, அதோடு ஒரு ஓட்டும் கதவில் ஒட்ட ஒரு போஸ்டரும் வருகிறது.

பதவியில் இருப்பவர் மறுபடி நிற்காத காலியான இடம் கிடைத்தால் இந்தக் கஷ்டத்தில் பாதி குறையும். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் 2016ல் சபைக்குப் போனது அப்படிக் காலியான தொகுதிகளில்தான். ராஜா அதே தொகுதியில் 2012 பிரைமரியில் தோற்றவர்.

வேட்பாளரின் வயிற்றுப்பாட்டையும் பாருங்கள். எங்கள் நர்ஸ் ஷிஃப்ட்டைக் குறைத்துக்கொண்டு, கையிருப்பைக் கரைத்தார். 2024 மார்ச் முதல் விதி மாறியிருக்கிறது. வேட்பாளர் அறிவிப்பைத் தாக்கல் செய்த நாளிலிருந்து பிரச்சார நிதியில் சம்பளம் எடுக்கலாம், ஆண்டுக்கு 87,000 டாலர் அல்லது முந்தைய 5 ஆண்டு வருமானத்தின் சராசரி, எது குறைவோ அதுவரை. பிரச்சாரத்தால் வரும் குழந்தை பராமரிப்புச் செலவுக்கும் 2018லிருந்து வழி இருக்கிறது. வெட்கப்படாமல் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சொத்துள்ளவர்கள் மட்டுமே நிற்க முடியும்.

தோற்ற பிறகு கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவர் கைப்பட நன்றி எழுதினார். என் சாப்பாட்டு மேஜையில் மூன்று இரவு, நான் முகவரி சொல்ல அவர் உறையில் எழுதினார். அந்த நூறு டாலர் டாக்டருக்கும் ஒன்று போனது. "அடுத்த முறை நிற்பதாக இருந்தால் முதலில் என்னைக் கூப்பிடு" என்று அவரிடமிருந்து பதில் வந்தது. கணக்குகளை 3 ஆண்டு வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். நான் இன்னும் வைத்திருக்கிறேன். டாக்டரின் பெயருக்கு நேராக 1,000 என்று பென்சிலால் குறித்திருக்கிறேன்.