நெருக்கடிக்கால மேயரைப் பற்றி எழுதுவது எப்படி: நியூயார்க்கின் லா கார்டியா

மக்கள் கொண்டாடிய ஒரு மேயரைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பும் மாணவர், அவருடைய புகழைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, அவர் கைக்கு வந்த கஜானாவை முதலில் பார்க்க வேண்டும். ஃபியொரெல்லோ லா கார்டியா 1934 ஜனவரி 1 அன்று நியூயார்க் மேயரானபோது நகரம் கடனில் தத்தளித்தது. முந்தைய ஆண்டு வங்கிகளோடு செய்துகொண்ட உடன்பாடு செலவுகளுக்குக் கடிவாளம் போட்டிருந்தது. 1929 தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜிம்மி வாக்கரோ, ஊழல் விசாரணை நெருக்கியதால் 1932இல் பதவி விலகியிருந்தார்.

இளமைக்காலத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் எல்லிஸ் தீவை மட்டும் விட்டுவிடாதீர்கள். நியூயார்க் துறைமுகத்தின் அந்தத் தீவில், கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளுக்குப் பகலில் மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டு இரவில் சட்டம் படித்தவர் அவர். குடியேறிக் குடும்பங்கள் நிறைந்த அந்த நகரத்தில் கட்சி வேலிகளைத் தாண்டி அவருக்கு வாக்கு விழுந்ததன் வேர் அங்கே இருக்கிறது.

பிறகு கசப்பான முடிவுகளை எழுதுங்கள். பலரும் தவிர்த்துவிடுகிற பகுதி இது. என் பார்வையில் கட்டுரையின் முதுகெலும்பும் இதுதான். நகர ஊழியர்களின் சம்பளத்தைக் குறைக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றத்திடம் போராடிப் பெற்றார். வேலையற்றோருக்கு நிவாரணம் வழங்க 2 சதவீத விற்பனை வரி விதித்தார். நகரத்தின் வரவுசெலவு சீரானதாலும், பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் வரைபடங்களை ஆயத்தமாக வைத்திருந்ததாலும், குடியரசுக் கட்சிக்காரரான அவரால் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசிடமிருந்து பெருநிதி பெற முடிந்தது. 1936இல் டிரைபரோ பாலம் திறக்கப்பட்டது. அதே கோடையில் 11 பொது நீச்சல் குளங்களும் திறக்கப்பட்டன.

இவற்றுக்குப் பிறகே காட்சிகளுக்கு வாருங்கள். 1935 டிசம்பர் 21 அதிகாலைக் குளிரில் பிராங்ஸ் காய்கறிச் சந்தைக்குச் சென்ற மேயர், காவலர்கள் எக்காளம் ஊத, ஒரு லாரியின் பின்பக்கத்தில் ஏறி நின்று, ஆர்டிசோக் விற்பனைக்குத் தடை விதிக்கும் ஆணையைப் படித்தார். இத்தாலியக் குடும்பங்கள் விரும்பிச் சமைக்கும் அந்தக் காயின் விலையை ஒரு ரவுடிக் கும்பல் உயர்த்திவைத்திருந்ததே காரணம். இந்தக் காட்சியை எழுதும்போது, அதனால் யாருடைய அடுப்படியில் செலவு குறைந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வெறும் கூத்தாகத் தெரியாது. 1945 ஜூலையில் பத்திரிகை விநியோகிப்போர் வேலைநிறுத்தம் செய்தபோது வானொலியில் அவர் குழந்தைகளுக்குப் படக்கதை வாசித்தது மூன்றாவது பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில். அதைக் கட்டுரையின் தொடக்கத்தில் வைத்தால், புகழ் வந்த வழி தலைகீழாகிவிடும்.

கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த நியூயார்க் பகுதியான ஹார்லெமை அடிக்குறிப்பில் ஒதுக்காதீர்கள். 1935 மார்ச்சில் அங்கே கலவரம் மூண்டபின் அவரே ஓர் ஆணையம் அமைத்தார். வேலையிலும் வீட்டுவசதியிலும் கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டைச் சொன்ன அதன் அறிக்கையை அவர் வெளியிடவில்லை. ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்ற ஹார்லெம் பத்திரிகைதான் 1936இல் அதை அச்சிட்டது. பாலமும் நீச்சல் குளங்களும் திறக்கப்பட்ட அதே ஆண்டு அது. ஆகவே அந்தப் பத்திக்கு அடுத்த பத்தியிலேயே இதையும் எழுதுங்கள்.